மதுக்கடை வந்தால் ஊராட்சிக்குப் பணம் வருமா? கடையை மாற்றக் கேட்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

"கடை வந்தா நம்ம பஞ்சாயத்துக்கும் நாலு காசு வரும்ல. அதுல லைட்டு போடலாம், ரோடு போடலாம்." ஊருக்குள் டாஸ்மாக் கடை வரப்போகிறது என்ற பேச்சு கிளம்பியதும், இடத்தை வாடகைக்கு விடுகிறவரின் ஆட்கள் டீக்கடையில் உட்கார்ந்து சொல்வது இதைத்தான். எதிர்த்து நிற்கும் பெண்களில் பாதிப் பேரை இந்த ஒரு பேச்சே வீட்டுக்கு அனுப்பிவிடும். எங்கள் ஊரில் அப்படித்தான் நடந்தது. இரண்டு வருடம் கழித்து ஊராட்சிக் கணக்கைக் கேட்டு வாங்கிப் பார்த்தோம். மதுக்கடை வகையில் வரவு என்று ஒரு வரிகூட அதில் இல்லை.

இருக்கவும் வழியில்லை. 2003 நவம்பர் முதல் தமிழ்நாட்டில் மது சில்லறை விற்பனை முழுவதும் டாஸ்மாக் கையில். அதில் வரும் ஆயத்தீர்வையும் மதிப்புக்கூட்டு வரியும் மாநில அரசின் கஜானாவுக்குப் போகின்றன. 2023-24-ல் அது 45,855 கோடி ரூபாய். கடை எந்த ஊரில் இருக்கிறதோ அந்த ஊராட்சிக்கு அதில் தனிப் பங்கு கிடையாது. மாநிலத்தின் சொந்த வரி வருவாயில் 10 சதவீதத்தை எல்லா உள்ளாட்சிகளுக்கும் மாநில நிதி ஆணைய மானியமாகப் பிரித்துத் தருகிறார்கள். மது வரியும் அந்த மொத்தத்துக்குள் கலந்துதான் இருக்கிறது. ஆனால் பிரிக்கும்போது மக்கள்தொகை போன்றவற்றைப் பார்ப்பார்களே தவிர, உங்கள் ஊரில் கடை இருக்கிறதா என்று பார்ப்பதில்லை. கடை இல்லாத பக்கத்து ஊருக்கும் அதே கணக்குதான்.

ஊராட்சி தானாக வசூலிக்கக்கூடியது இரண்டு. கடை நடக்கும் கட்டடத்துக்கு வீட்டுவரி, அங்கே வேலை பார்ப்பவர்களின் தொழில்வரி. தொழில்வரிக்கு ஆளுக்கு ஆண்டுக்கு 2,500 ரூபாய் என்று அரசியலமைப்பே உச்சவரம்பு வைத்திருக்கிறது. நான்கு பேர் வேலை பார்த்தால், உச்சவரம்பிலேயே போட்டாலும் 10,000 ரூபாய்தான். வீட்டுவரி அதைவிட மோசம். எங்கள் ஊர்க் கடை நடந்த கட்டடம் வரிப் புத்தகத்தில் மாட்டுக்கொட்டகை. தகரம் போட்டு, கம்பி ஜன்னல் வைத்து, மாத வாடகை வாங்கிக்கொண்டிருந்த இடத்துக்குக் கொட்டகை வரி. இதை முதலில் பாருங்கள். கட்டடத்தின் வரி ரசீது யார் பெயரில், எந்த வகையில் இருக்கிறது என்று கேளுங்கள். வணிகக் கட்டடமாக மாற்றி வரி போடச் சொல்லி எழுதிக் கொடுங்கள். ஊராட்சிக்கு உரிய பணத்தை யாரோ ஒருவர் சேமித்துக்கொள்ள விடக் கூடாது.

அப்படி வரும் பணம் ஊராட்சியின் பொது நிதியில், கணக்கு எண் 1-ல் சேரும். மதுக்கடையால் வந்த பணம் என்று தனியாக ஒதுக்கி வைத்துச் செலவழிக்கும் ஏற்பாடு எதுவும் இல்லை. தெருவிளக்கு, சாக்கடை, தெருத் துப்புரவு, குடிநீர் எல்லாம் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் பிரிவு 110-ன்படி ஊராட்சியின் கட்டாயக் கடமை. கடை இருந்தாலும் இல்லாவிட்டாலும் செய்தே ஆக வேண்டும். ஆகவே "கடை வந்தால் லைட்டு வரும்" என்று சொல்பவர், ஏற்கெனவே உங்களுக்கு உரியதை உங்களிடமே விற்கிறார். வரவு செலவு சரியாக இருக்கிறதா என்று பார்க்க, கிராம சபையில் வைக்கப்படும் படிவம் 30-ஐக் கேளுங்கள். மேசைமேல் ஒரு கட்டாக மடித்து வைத்திருப்பார்கள். வாங்கிப் பிரித்து, செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

இனி கடையை மாற்றக் கேட்கும் விஷயம். பெரும்பாலான மனுக்கள் தோற்பது இங்கேதான். கோபம் நியாயமாக இருக்கும், ஆனால் மனுவில் விதி இருக்காது.

பிடிக்க வேண்டியது 2003-ஆம் ஆண்டின் தமிழ்நாடு மதுபான சில்லறை விற்பனை விதிகளில் 8-வது விதி. மாநகராட்சி, நகராட்சிகளில் வழிபாட்டுத் தலத்திலிருந்தும் கல்வி நிலையத்திலிருந்தும் 50 மீட்டருக்குள் கடை வைக்கக் கூடாது. மற்ற இடங்களில் 100 மீட்டர். அவ்வளவுதான் விதி. பேருந்து நிறுத்தம், ஆஸ்பத்திரி, ரேஷன் கடை, பெண்கள் தண்ணீர் பிடிக்கும் குழாய், வீடுகள் எதுவும் அதில் இல்லை. மனுவில் எல்லோரும் முதல் இரண்டு பக்கத்துக்கு எழுதுவது விதியில் இல்லாத இவற்றைத்தான். கடைசிப் பத்தியில் "அருகில் பள்ளியும் உள்ளது" என்று ஒரு வரி வரும். அதைத் தலைகீழாக மாற்றுங்கள். பள்ளியின் பெயர், அங்கீகார ஆணை எண், கடையிலிருந்து எத்தனை மீட்டர் என்பது முதல் பத்தியில் வர வேண்டும். மற்ற வேதனைகளைப் பிறகு எழுதலாம்.

அடுத்தது முதல் பொறி. கடை வந்த பிறகு வந்த கோயிலோ பள்ளியோ கணக்கில் வராது. எது முந்தியது என்பதற்குத் தேதியிட்ட காகிதம் வேண்டும். பெரியவர்களுக்கு நினைவிருக்கிறது என்பது அலுவலகத்தில் செல்லாது. கோயிலுக்கு மின் இணைப்பு எடுத்த ரசீது, கும்பாபிஷேகப் பத்திரிகை, திருவிழாவுக்குக் காவல் நிலையத்தில் வாங்கிய அனுமதி, நிலத்தின் பட்டா என்று எது கிடைத்தாலும் சேர்த்து வையுங்கள். "அறநிலையத் துறைப் பட்டியலில் இந்தக் கோயில் இல்லையே" என்ற பதில் வரும். சின்ன அம்மன் கோயில்களுக்கு இது வந்தே தீரும். அதனால் பக்கத்தில் பள்ளியும் இருந்தால் பள்ளியை முன்னே வையுங்கள், கோயில் இரண்டாவதாக இருக்கட்டும். அங்கன்வாடியை மட்டும் நம்பி இறங்காதீர்கள். அது கல்வி நிலையமா இல்லையா என்ற வாக்குவாதத்திலேயே ஒரு வருடம் போய்விடும்.

இரண்டாவது பொறிதான் பலரைக் கவிழ்த்தது. நகர் ஊரமைப்பு அதிகாரிகள் வணிகப் பகுதி அல்லது தொழிற்பகுதி என்று வகைப்படுத்திய இடங்களுக்கு இந்தத் தூரக் கட்டுப்பாடு பொருந்தாது. விதியில் உள்ளது "வகைப்படுத்திய" என்ற சொல். அலுவலகத்தில் இதைச் சுருக்கி "அது கமர்ஷியல் ஏரியாம்மா" என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். நாலு மளிகைக் கடையும் ஒரு பஞ்சர் கடையும் இருப்பதால் ஒரு தெரு வணிகப் பகுதி ஆகிவிடாது. கடை இருக்கும் சர்வே எண் முழுமைத் திட்டத்திலோ (மாஸ்டர் பிளான்) விரிவு அபிவிருத்தித் திட்டத்திலோ எந்த வகையில் இருக்கிறது என்பதற்கு எழுத்து வேண்டும். அந்த எழுத்தை அவர்கள் காட்டட்டும். வாய்ப்பேச்சை ஏற்றுக்கொண்டு திரும்பி வராதீர்கள்.

மூன்றாவது, அளவு. கடை வாசலிலிருந்து பள்ளி வாசல் வரை ஆள் நடந்து போகும் வழியில் அளப்பார்கள், காக்கா பறக்கும் நேர்கோட்டில் அல்ல. நாங்கள் பார்த்த ஓர் அளவையை அப்படியே சொல்கிறேன். பள்ளிக்கு இரண்டு கேட். பின்பக்கக் கேட் வழியாகப் பிள்ளைகள் தினமும் போய்வருவார்கள். அங்கிருந்து கடைக்கு 70 மீட்டர்கூட இருக்காது. அளக்க வந்த அன்று அந்தக் கேட்டில் புதுப் பூட்டு தொங்கியது. "இது பயன்பாட்டில் இல்லை" என்று சொல்லி முன் கேட்டிலிருந்து டேப்பைப் பிடித்தார்கள். 112 மீட்டர் வந்தது. கூட வந்த ஓர் அக்கா, கேட்டுக்கு அடியில் மண்ணில் கிடந்த சின்னச் சின்னச் செருப்புத் தடங்களைக் காட்டி, "இது யாரு நடந்த தடம் சார்?" என்று கேட்டார். யாரும் பதில் சொல்லவில்லை. அறிக்கையிலும் அது ஏறவில்லை. அன்றைக்கு எங்களிடம் ஒரு படம்கூட இல்லை. நீங்கள் முன்கூட்டியே எடுத்து வையுங்கள்: காலையில் பிள்ளைகள் அந்தக் கேட் வழியாக நுழையும் காணொளி, தேதியோடு. தலைமையாசிரியர் எழுதித் தரத் தயங்குவார், அவர் அரசு ஊழியர். பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானம் வாங்குங்கள், அது பெற்றோர் கையில் இருக்கிறது. அளக்கும் நாளை மனுதாரருக்கு முன்பே சொல்ல வேண்டும் என்று மனுவிலேயே கேளுங்கள். கடையின் வாசலைச் சுற்றுப் பாதையின் பக்கம் திருப்பி வைத்திருந்தால், முன்பு எங்கே வாசல் இருந்தது என்பதற்கும் படம் வேண்டும்.

நெடுஞ்சாலைத் தூரத்தை நம்பி மனு எழுதுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 2016 டிசம்பரில், தமிழ்நாட்டிலிருந்து போன வழக்கில்தான் உச்ச நீதிமன்றம் நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் கடை கூடாது என்றது. 2017 மார்ச்சில், 20,000 பேருக்குக் குறைவான ஊர்களுக்கு அது 220 மீட்டரானது. அதே ஆண்டு ஜூலையில் நகராட்சி எல்லைகளுக்குப் பொருந்தாது என்று விளக்கம் வந்தது. 2018-ல் ஊராட்சிப் பகுதிகளையும் மாநில அரசே பார்த்துக்கொள்ளலாம் என்றாகிவிட்டது. அதை ஒன்றாவது காரணமாக வைக்காதீர்கள்.

கிராம சபைத் தீர்மானத்துக்கு வருவோம். "கிராம சபை நினைத்தால் மதுக்கடையை மூடலாம், சட்டம் இருக்கிறது" என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. அந்தச் சட்டம் ஐந்தாம் அட்டவணையில் உள்ள பழங்குடிப் பகுதிகளுக்கானது. தமிழ்நாட்டில் அப்படி அறிவிக்கப்பட்ட பகுதியே கிடையாது. இங்கே 8-வது விதியில் கிராம சபை என்ற சொல்லே இல்லை. தீர்மானம் போட்ட மறுநாள் கடைக்குப் பூட்டு விழும் என்று எதிர்பார்த்து, விழாதபோது ஊரே சோர்ந்து போவதைப் பார்த்திருக்கிறேன். ஆனாலும் தீர்மானம் போடுங்கள். ஆட்சியரிடம் போகும்போதும் நீதிமன்றத்துக்குப் போகும்போதும் அதுதான் ஊரின் குரலுக்குச் சாட்சி.

போடும்போது கவனிக்க வேண்டியது குறைவெண், அதாவது குறைந்தது இத்தனை பேர் வர வேண்டும் என்ற கணக்கு (கோரம்). 500 பேர் வரையுள்ள ஊராட்சிக்கு 50 பேர், 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300 பேர் வந்திருக்க வேண்டும். வருகைப் பதிவேட்டில் கையெழுத்து குறைந்தால் அன்றைய தீர்மானம் எதுவும் நிற்காது. பேசிவிட்டுக் கையெழுத்துப் போடாமல் சமைக்கப் போய்விடும் பெண்களை நிறுத்திக் கையெழுத்து வாங்குங்கள். "மதுக்கடை பற்றியெல்லாம் தீர்மானம் போடக் கூடாது, மேலே இருந்து உத்தரவு" என்று ஒருவர் சொல்வார். "அந்த உத்தரவின் நகலைக் காட்டுங்கள், அதையும் தீர்மானப் புத்தகத்தில் பதியுங்கள்" என்று கேளுங்கள். எங்கள் அனுபவத்தில் நகல் வந்ததே இல்லை. 2025 ஜனவரியில் 28 மாவட்டங்களில் ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர்கள் பொறுப்புக்கு வந்தார்கள். "தலைவர் இல்லை, அதனால் தீர்மானம் இல்லை" என்று சொன்னால் நம்பாதீர்கள். தனி அலுவலர் இருந்தாலும் கிராம சபை கிராம சபைதான்.

மனுவின் பயணம் இப்படி இருக்கும். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் ஆட்சியரிடம் கொடுப்பீர்கள். அது கலால் பிரிவு உதவி ஆணையருக்குப் போகும். அவர் டாஸ்மாக் மாவட்ட மேலாளரிடம் அறிக்கை கேட்பார். மாவட்ட மேலாளர் "கடை விதிகளுக்கு உட்பட்டே இயங்கி வருகிறது" என்று எழுதுவார். அந்த ஒரு வரி அப்படியே உங்களுக்குப் பதிலாக வரும். புகார் யார்மேலோ அவரிடமே விசாரணை. அதற்குள் நான்கு மாதம் ஓடியிருக்கும். நடுவில் நீங்கள் நேரில் போனால், ஆட்சியர் அலுவலகத்தில் டாஸ்மாக்கைக் கேள் என்பார்கள், டாஸ்மாக்கில் ஆட்சியரைக் கேள் என்பார்கள். கூலி வேலையை விட்டுவிட்டு வருபவருக்கு இப்படி மூன்று நடை போதும், நான்காவது நடைக்கு வர மாட்டார். கடைக்கு உரிமம் தருவது ஆட்சியர்தான். மனுவை அவர் பெயருக்கே எழுதி, மனு எண்ணுள்ள ரசீதை வாங்காமல் வெளியே வராதீர்கள். வருவாய்த் துறை ஆளை வைத்து, மனுதாரர் முன்னிலையில் அளக்க வேண்டும் என்பதையே கோரிக்கையாக எழுதுங்கள். "கடையை மூட வேண்டும்" என்று மட்டும் எழுதினால் "கொள்கை முடிவு" என்று முடித்துவிடுவார்கள்.

மனு கொடுத்த அன்றே தகவல் உரிமைச் சட்டத்தில் இன்னொரு விண்ணப்பமும் போடுங்கள். 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும். கேட்க வேண்டியவை நான்கு: கடைக்கு உரிமம் தந்த தேதி, தூரம் அளந்த வரைபடத்தின் நகல், அந்தச் சர்வே எண்ணின் நில வகைப்பாட்டு ஆவணம், பாருக்குத் தனி உரிமம் உண்டா என்பது. "ஏன்", "எதற்காக" என்று கேள்வியாகக் கேட்காதீர்கள், அதைக் காரணம் காட்டித் திருப்பிவிடுவார்கள். நகல் கேளுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால், அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. பலர் தவறவிடுவது இந்தத் தேதியைத்தான். பெரும்பாலும் வரைபடம் வராது, "ஆவணம் இல்லை" என்று வரும். அந்தக் காகிதம் பொன். அளந்த ஆவணமே இல்லாமல் கடை எப்படி விதிக்கு உட்பட்டது என்று உயர் நீதிமன்றத்தில் கேட்க அது ஒன்று போதும்.

கடை மாறும் வரைக்கும் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. தெருவில் கிடக்கும் உடைந்த பாட்டிலை அள்ளுவதும் இருட்டான பாதைக்கு விளக்குப் போடுவதும் ஊராட்சியின் வேலை. எழுத்தில் கேளுங்கள். மதியம் 12 மணிக்கு முன்போ இரவு 10 மணிக்குப் பின்போ மது விற்றால் 10581-க்குச் சொல்லுங்கள், சொன்ன நேரத்தைக் குறித்து வையுங்கள். ஒரே கடையைப் பற்றிப் பத்து அழைப்புகள் தேதிவாரியாக உங்கள் நோட்டில் இருந்தால், அடுத்த மனுவோடு அந்தப் பக்கத்தையும் நகலெடுத்து இணைக்கலாம்.