ஆட்டுப் புழுக்கையில் புது இனமா? கொஞ்சம் பொறுங்கள்

புது பாக்டீரியா கண்டுபிடித்ததாக என்னிடம் வருபவர்களில், இந்த மாதத்தில் இவர் மூன்றாவது ஆள். மேச்சேரிப் பக்கத்து இளைஞர். ஒரு கையில் ரிப்போர்ட், இன்னொரு கையில் வெள்ளைக் கேன். செம்மறிக் குட்டிகளின் புழுக்கையிலிருந்து புது லாக்டிக் அமில பாக்டீரியாவைக் கண்டுபிடித்துவிட்டாராம். அதை வளர்த்து, பால் மறக்காத குட்டிகளுக்குத் தண்ணீரில் கலந்து ஊற்றியும் வருகிறார். இரண்டு குட்டிகளுக்குக் கழிச்சல்.

ரிப்போர்ட்டில் இருந்தது ஒரே ஒரு 16எஸ் மரபணு (பாக்டீரியாவை அடையாளம் காணப் பார்க்கும் மரபணு) வரிசை, ஏற்கெனவே தெரிந்த இனத்தோடு 98 சதவீதப் பொருத்தம். "98.7க்குக் கீழே போனாலே புது இனம்தானே மேடம்?"

இல்லை. இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. அந்த மரபணு சுமார் 1,500 டிஎன்ஏ எழுத்து நீளம். அவர் கையில் இருந்தது பாதி. வரிசையின் முனைகளில் எழுத்துகள் குழம்பி வரும். அதை வெட்டாமல் தரவுத்தளத்தில் தேடினால் வீட்டுத் தயிரில் இருப்பதுகூடப் புது இனமாகத் தெரியும். வெட்டிவிட்டுத் தேடினேன். 99.8 சதவீதப் பொருத்தம், குடலில் வாழும் என்டெரோகாக்கஸ் என்ற பேரினத்தோடு. அதிலும் எந்த இனம் என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. அதன் இனங்களான ஃபீசியமும் ஹிரேவும் இந்த மரபணுவில் அவ்வளவு நெருக்கம். 98.7 என்பது மேலே ஆராயச் சொல்லும் எண். அது தீர்ப்பு அல்ல. முழு மரபணுத் தொகுதியைப் படித்து, நெருங்கிய இனங்களோடு சராசரி ஒற்றுமை 95-96 சதவீதத்துக்குக் கீழே என்று காட்ட வேண்டும். இரண்டு நாடுகளின் நுண்ணுயிர்க் காப்பகங்களில் மாதிரி கொடுக்க வேண்டும். 2020-இல் லாக்டோபேசில்லஸ் என்ற லாக்டிக் அமில பாக்டீரியாப் பேரினத்தையே 25 பேரினங்களாகப் பிரித்ததும் முழுத் தொகுதியைப் பார்த்துத்தான்.

"லாக்டிக் அமிலம்தானே, நல்லதுதானே" என்பது அடுத்தது. லாக்டிக் அமில பாக்டீரியாவை வளர்க்கும் எம்ஆர்எஸ் ஊடகத் தட்டில் என்டெரோகாக்கஸும் தாராளமாக வளரும். அதில் சில வகைகள் ஆஸ்பத்திரித் தொற்றுக்குப் பேர்போனவை. வான்கோமைசின் என்ற வலுவான ஆன்டிபயாடிக்குக்கே அடங்காதவையும் உண்டு. இன்னொரு லாக்டிக் அமில பாக்டீரியாவான லாக்டோகாக்கஸ் கார்வியே மாட்டுக்கு மடிநோய் தரும். அந்தக் குட்டிகளின் கழிச்சலுக்கு இந்தக் கேன்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் என்னவென்றே தெரியாததை வாயில்லா ஜீவனுக்கு ஊற்றலாமா?

ஊற்றுவதை இன்றே நிறுத்துங்கள். கழியும் குட்டியைப் பிரித்துக் கட்டி, கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். கேனைச் சாக்கடையில் கவிழ்க்காதீர்கள். பிளீச்சிங் பவுடர் கலந்து அரை மணி வைத்த பிறகு கொட்டுங்கள். வீட்டில் யாரும் குடித்துப் பார்க்க வேண்டாம், தயவுசெய்து.

மேச்சேரி ஆட்டிலிருந்தோ சேலம் கருப்பு ஆட்டிலிருந்தோ நிஜமாகவே ஒரு புது இனம் வந்தால் எனக்கும் பெருமைதான். தனிக் காலனியை (தட்டில் தனியாக வளர்ந்த பாக்டீரியாப் புள்ளியை) மூன்று முறை புதுத் தட்டில் தேய்த்து வளர்த்துச் சுத்தப்படுத்துங்கள். கிளிசராலில் உறைய வையுங்கள். எந்த ஆடு, என்ன தீனி, எந்தத் தேதி என்று குறித்து எடுத்துவாருங்கள், சேர்ந்து பார்ப்போம்.