லெவல்களைக் கூட்டிப் பார்த்து ஏமாறாதீர்கள்

வாரத்தில் மூன்று மேசைகளுக்கு, அதாவது மூன்று குழுக்களுக்கு, பகடை உருட்டிக் கதாபாத்திரமாக ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தை நடத்துவதுதான் என் தொழில். மூன்றிலும் 2014ஆம் ஆண்டு வெளிவந்த ஐந்தாம் பதிப்பின் விதிநூலையே பின்பற்றுகிறேன். கடந்த சனிக்கிழமை, புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர் நீட்டிய கேரக்டர் ஷீட்டை (கதாபாத்திர விவரத்தாளை) பார்த்ததும், இதே வகையில் இந்த ஆண்டு என் கைக்கு வந்த ஆறாவது ஷீட் இது என்று எண்ணி எரிச்சலடைந்தேன். மொத்தம் 5 லெவல்: காட்டு வீரனான பார்பேரியன் 2, மந்திரவாதியான விசார்ட் 2, திருடனான ரோக் 1. கிளாஸ் என்பது இப்படிப்பட்ட தொழில், லெவல் என்பது அதில் ஏறும் படி. யாரோ இணைய வீடியோவில் 20ஆம் லெவலுக்கு வகுத்துக் காட்டிய பில்டை (கதாபாத்திரத் திட்டத்தை) 5ஆம் லெவலுக்குச் சுருக்கி எடுத்து வந்திருந்தார். என் மேசையில் எந்தக் கதையும் இதுவரை 20ஆம் லெவலைத் தொட்டதில்லை.

விதிப்படி அந்த ஷீட்டில் பிழை எதுவும் இல்லை. கிளாஸ்களைக் கலக்க, பார்பேரியனுக்கு ஸ்ட்ரெங்த் (உடல்வலு), ரோகுக்கு டெக்ஸ்டெரிட்டி (சுறுசுறுப்பு), விசார்டுக்கு இன்டெலிஜென்ஸ் (அறிவு) ஆகிய மூன்றிலும் குறைந்தது 13 வேண்டும், இருந்தது. மூன்றுக்கும் பங்கு வைத்ததில் உடல் தாங்குதிறனான கான்ஸ்டிட்யூஷனுக்கு 13தான் மிஞ்சியது. அடி படுவதற்கு எதிரியின் பகடை எட்ட வேண்டிய எண்ணான ஆர்மர் கிளாஸும் 13இல் நின்றது. முன்வரிசையில் நின்று அடி வாங்கப் போகிறவருக்கு இது போதாது என்று எனக்குத் தெரிந்தும், முதல் நாளே முகம் சுளிக்க வேண்டாமென்று அனுமதித்தேன். அது என் தவறு.

அன்றைய சண்டையில் அவரை நோக்கி ஓகர் என்ற அரக்க உயிர் ஒன்று தடியை ஓங்கியது. என் பகடையில் 9 விழுந்தது. அதனுடன் 6 சேர்த்து 15. ஷீல்ட் மந்திரம் ஆர்மர் கிளாஸை 5 உயர்த்தும் என்பதால், 13 என்பது 18 ஆகி அடி தவறியிருக்கும். "அண்ணா, ஷீல்ட் போடுறேன்" என்றார். "ரேஜ்ல இருக்கீங்களே தம்பி" என்றேன். பார்பேரியனின் வெறிநிலையான ரேஜில் இருக்கும்போது மந்திரம் போட முடியாது; அவர் அந்த வரியைப் படிக்கவில்லை. ரேஜ் அடியைப் பாதியாகக் குறைத்ததால் தாங்கிக்கொண்டார். அடுத்து அவர் முறை வந்தபோது, கிரேட்ஆக்ஸ் என்ற பெரிய கோடாரியால் ஒரே ஒரு வெட்டு. ரோகின் கூடுதல் அடியான ஸ்னீக் அட்டாக்கையும் சேர்க்கலாமா என்று கேட்டார். கிரேட்ஆக்ஸ் அதற்கு ஏற்ற, ஃபினெஸ் எனப்படும் நுட்பமான வகை ஆயுதம் அல்ல, ஆகவே அதுவும் இல்லை. பக்கத்தில் இருந்த 5ஆம் லெவல் ஃபைட்டர் இரண்டு முறை வெட்டினார். 5ஆம் லெவல் விசார்ட் எட்டுப் பகடைகளைக் கை நிறைய அள்ளி, தீக்குண்டு மந்திரமான ஃபயர்பாலுக்கு உருட்டினார். தம்பி தன் ஷீட்டையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "நானும் அஞ்சாவது லெவல்தானே?" என்று கேட்டார்.

என்னை மிகவும் சோர்வடையச் செய்யும் கேள்வி இதுதான் என்பதால், இதற்கு மட்டும் விரிவாகப் பதில் சொல்கிறேன். மூன்று பள்ளிகளில் முறையே இரண்டாம் வகுப்பு, இரண்டாம் வகுப்பு, ஒன்றாம் வகுப்பு படித்த பிள்ளை ஐந்தாம் வகுப்பு முடித்ததாக ஆகிவிடாது. மொத்த லெவலைப் பார்த்து உயர்பவை மிகச் சில: பயிற்சி உள்ளவற்றில் பகடையோடு சேரும் புரொஃபிஷியன்சி போனஸ் ஒன்று, எளிய மந்திரங்களான கான்ட்ரிப்களின் வலிமை இன்னொன்று. உயிர்ப் புள்ளியான ஹிட் பாயின்ட் எந்த கிளாஸில் லெவல் ஏறினாலும் சேரும். மற்றவை கிட்டத்தட்ட எல்லாம் அந்தந்த கிளாஸின் லெவலைப் பொறுத்தவை. ஃபைட்டர், பார்பேரியன், மாங்க், பாலடின், ரேஞ்சர் ஆகியோருக்கு, இரண்டாவது வெட்டைத் தரும் எக்ஸ்ட்ரா அட்டாக் அந்த கிளாஸின் 5ஆம் லெவலில்தான் கிடைக்கும். விசார்டுக்கு ஃபயர்பாலும் விசார்ட் 5இல்தான். எல்லோரும் மறந்துவிடும், ஸ்ட்ரெங்த் போன்றவற்றைக் கூட்டும் ஏபிலிட்டி ஸ்கோர் உயர்வும் கிளாஸின் 4ஆம் லெவலில் வருவது. 2, 2, 1 என்று பிரித்த தம்பிக்கு அதுவும் கிட்டவில்லை.

இதன் மறுபக்கமாக, ஃபைட்டர் 5, ரேஞ்சர் 5 என்று 10ஆம் லெவலுக்கு வந்தவர் ஒருவர் தனக்கு மூன்று வெட்டு உண்டு என்று என்னுடன் கால்மணி நேரம் வாதாடினார். இரண்டு கிளாஸ்களில் எக்ஸ்ட்ரா அட்டாக் வாங்கினாலும் இரண்டு வெட்டுதான். பார்பேரியனும் மாங்கும் கவசமில்லாமல் பெறும் தற்காப்பும் ஒன்றின் மேல் ஒன்றாக ஏறாது.

மந்திரக்காரர்களின் குழப்பம் வேறு மாதிரி. விசார்ட் 3, பூசாரியான கிளெரிக் 3 என்று வைத்திருப்பவருக்கு, மந்திரம் போடச் செலவாகும் ஸ்பெல் ஸ்லாட்டுகள் மட்டும் 6ஆம் லெவலுக்குரியவையாகக் கூடும். அதனால் மூன்றாம் நிலை ஸ்லாட்டும் கையில் இருக்கும். ஆனால் அவர் தயார் செய்யக்கூடிய மந்திரங்கள் இரு பக்கமும் இரண்டாம் நிலையோடு நின்றுவிடும். பாத்திரம் பெரிது, அதில் ஊற்ற இருப்பதோ சிறியவைதான்.

கிளாஸ்களைக் கலப்பதே கூடாது என்று நான் சொல்லவில்லை. 1974இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் முதல் பெட்டியை வெளியிட்டபோது சண்டைக்காரன், மந்திரக்காரன், கிளெரிக் என்று மூன்றே கிளாஸ்கள் இருந்தன. கலக்கும் ஆசை அன்று தொட்டே ஆட்டக்காரர்களை விட்டதில்லை. 2014 நூலும் இதை அனுமதிக்கிறது, ஆனால் மேசையை நடத்துபவர் ஒப்புக்கொண்டால் மட்டும் செல்லும் விருப்ப விதியாக. நல்ல கலவைகளில் இரு கிளாஸும் ஒரே ஸ்கோரைத் தின்று ஒன்றுக்கொன்று உதவும். புனித வீரரான பாலடினும் பிறவி மந்திரக்காரரான சார்சரரும் இருவருமே ஆளுமையான கரிஸ்மாவை நம்புகிறவர்கள். சார்சரர் தரும் ஸ்லாட்டுகளைப் பாலடினின் கூடுதல் அடியான டிவைன் ஸ்மைட்டில் கொட்டலாம். நம் தம்பி விரும்பிய பார்பேரியன், ரோக் ஜோடிகூட நன்றாகவே ஓடும். கிரேட்ஆக்ஸை வைத்துவிட்டு ஃபினெஸ் வாளான ரேப்பியரை எடுத்து ஸ்ட்ரெங்த்தால் குத்தினால், பார்பேரியனின் ரெக்லெஸ் அட்டாக் தரும் அட்வான்டேஜில் (இரு பகடை உருட்டிப் பெரியதை எடுக்கும் சலுகையில்) ஸ்னீக் அட்டாக் சேர்ந்துகொள்ளும். ஆயுதத்தை மாற்றச் சொல்ல வேண்டிய அந்த வீடியோ, அதைச் சொல்லாமல் விட்டிருக்கிறது.

எந்த கிளாஸில் தொடங்குகிறீர்கள் என்பதையும் கவனியுங்கள். பாலடினாகத் தொடங்கினால் கனமான கவசம் அணியும் பயிற்சி உண்டு. சார்சரராகத் தொடங்கிப் பிறகு பாலடினுக்குப் போனால் அது கிடைக்காது, மாறாக கான்ஸ்டிட்யூஷன் சேவிங் த்ரோவில் (தீங்கைத் தடுக்க உருட்டும் பகடையில்) பயிற்சி உங்களிடம் இருக்கும். இரண்டும் வேண்டுமென்று என்னிடம் கெஞ்சாதீர்கள்.

பெரும்பாலோர் இரண்டாவது கிளாஸைத் தேடுவது வலிமைக்காக அல்ல, ஒரு கதாபாத்திரக் கற்பனைக்காக என்பது என் அனுபவம். அந்தக் கற்பனைக்குக் கிளாஸ் மாற வேண்டியதில்லை. வாளோடு மந்திரமும் வேண்டுமா, ஃபைட்டர் 3இல் எல்ட்ரிச் நைட் என்ற உட்பிரிவு இருக்கிறது. மந்திரம் தெரிந்த திருடன் வேண்டுமா, ரோக் 3இல் ஆர்கேன் டிரிக்ஸ்டர் இருக்கிறது. முதன்முறையாக ஆடுகிறவர்கள் தயவுசெய்து ஒரே கிளாஸை 5ஆம் லெவல் வரை கொண்டுபோங்கள். அதற்குள் உங்களுக்கே எது குறைகிறது என்று தெரிந்துவிடும். அப்படியும் கலக்கத்தான் வேண்டுமென்றால், லெவல் ஏறும் முன்பே என்னிடம் சொல்லுங்கள், ஒவ்வொரு லெவலிலும் எதை வாங்கி எதைத் தள்ளிப்போடுகிறீர்கள் என்று எழுதிக் காட்டுங்கள். சண்டையின் நடுவே சொல்லாதீர்கள்.

ஆட்டம் முடிந்தபின் தம்பியை உட்காரவைத்துக் கேட்டேன். மலைக்கூட்டத்தில் பிறந்து, இறந்துபோன ஒரு விசார்டின் நோட்டுப் புத்தகத்தைக் கண்டெடுத்துத் தானே எழுத்துக் கூட்டிப் படித்தவன் என்பதே அவர் நினைத்த கதை. பார்பேரியன் 5, பின்புலம் சேஜ் (அறிஞர்) என்று மாற்றி எழுதினோம். மந்திர அறிவான ஆர்கானாவும் வரலாற்று அறிவான ஹிஸ்டரியும் சேஜிலேயே வந்துவிட்டன, 4ஆம் லெவலின் உயர்வு ஸ்ட்ரெங்த்துக்குப் போனது, வெட்டு இரண்டானது. அந்த நோட்டுப் புத்தகம் யாருடையது என்பதை மட்டும் நான் இன்னும் அவரிடம் சொல்லவில்லை.