குவாரிக்கு முன்னால் ஒரு கூட்டம் உண்டு: கருத்துக் கேட்பில் நமக்குள்ள உரிமை

"கம்பெனிக்காரன் மேலே எல்லாரையும் சரிக்கட்டிட்டான், இனி நாம பேசி என்ன ஆகப்போகுது?" ராதாபுரம், வள்ளியூர் பக்கம் புதிதாக ஒரு கல்குவாரி வரப்போகிறது என்றால் டீக்கடையில் முதலில் காதில் விழுவது இந்தப் பேச்சுதான்.

அந்தச் சலிப்பை நான் குறை சொல்ல மாட்டேன். கம்பெனி ஆள்வது என்றால் என்னவென்று நெல்லைச் சீமை நேரில் பார்த்திருக்கிறது. 1799இல் கயத்தாறில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்டது லண்டனில் பங்கு விற்ற ஒரு வியாபாரக் கம்பெனி. இரண்டே வருடத்தில், 1801இல், ஆற்காட்டு நவாபோடு செய்த ஒப்பந்தத்தில் இந்தச் சீமை முழுவதும் அதன் கைக்குப் போனது. பம்பாய் பர்மா கம்பெனியையும் நமக்குத் தெரியும். தேக்கு வெட்டிய கணக்கில் பர்மா அரசர் போட்ட அபராதத்தைக் காரணமாக வைத்து, 1885இல் ஆங்கிலேய அரசு படையெடுத்து அவர் நாட்டையே பிடித்துக்கொண்டது. அதே கம்பெனிதான் 1929இல் சிங்கம்பட்டி ஜமீனிடம் மாஞ்சோலை மலையில் எட்டாயிரம் ஏக்கருக்கு மேல் 99 வருடக் குத்தகைக்கு எடுத்தது. அந்தத் தோட்டத் தொழிலாளர்களுக்காக 1999 ஜூலை 23 அன்று கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸுக்குப் போன ஊர்வலத்தில் போலீஸ் தடியடி நடத்தியது. தாமிரபரணியில் 17 பேர் செத்தார்கள்.

இன்று கம்பெனிக்குப் படை வேண்டாம், நன்கொடை போதும். ஒரு கம்பெனி கட்சிகளுக்குத் தரும் பணம் அதன் மூன்று வருடச் சராசரி லாபத்தில் ஏழரை சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்றிருந்த வரம்பை 2017இல் எடுத்துவிட்டார்கள். யார் யாருக்குக் கொடுத்தார் என்று வெளியே தெரியாமல் கொடுக்கத் தேர்தல் பத்திரமும் வந்தது. இரண்டையும் 2024 பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது.

சரி, நம் கையில் என்ன இருக்கிறது? 2006 செப்டம்பர் 14ஆம் தேதியிட்ட சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை இருக்கிறது. அதன்படி பெரிய திட்டங்களுக்கு அனுமதி தருவதற்கு முன் பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்தியாக வேண்டும். குவாரி என்றால், பரப்பு 5 ஹெக்டேருக்கு மேல், அதாவது சுமார் 12 ஏக்கருக்கு மேல் போனால் கூட்டம் உண்டு. சின்னச் சின்னதாகத் துண்டு போட்டு வாங்கினாலும், 500 மீட்டருக்குள் அடுத்தடுத்து இருக்கும் குவாரிகள் சேர்ந்து 5 ஹெக்டேரைத் தாண்டினால் கூட்டம் உண்டு. இதைத்தான் பலர் கவனிப்பதில்லை. பக்கத்துக் குவாரிகளின் சர்வே எண்ணையும் பரப்பையும் ஊர்க்காரர்களே எழுதி வைத்துக்கொள்வது நல்லது.

கூட்டத்தை நடத்துவது மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். கலெக்டரோ, கூடுதல் மாவட்ட மாஜிஸ்திரேட் தகுதிக்குக் குறையாத அவருடைய பிரதிநிதியோ தலைமை தாங்க வேண்டும். குறைந்தது 30 நாளுக்கு முன் பத்திரிகையில் அறிவிப்பு வர வேண்டும், அதில் ஒன்று தமிழ்ப் பத்திரிகையாக இருக்க வேண்டும். குவாரியால் என்ன பாதிப்பு வரும் என்று கம்பெனி தரப்பு தயாரிக்கும் வரைவு அறிக்கை கலெக்டர் ஆபீஸ், மாவட்டத் தொழில் மையம், உள்ளாட்சி அலுவலகம் ஆகிய இடங்களில் யார் கேட்டாலும் பார்க்கக் கிடைக்க வேண்டும். முழு அறிக்கை இங்கிலீஷில் தடித்த புத்தகமாக இருக்கும். பயப்பட வேண்டாம், தமிழில் சுருக்கம் தருவது கட்டாயம். அதைக் கையில் எடுத்ததும் முதலில் பார்க்க வேண்டியது கிணறு, குளம், வீடுகளுக்குப் போட்டிருக்கும் தூரம். குளமே இல்லை என்று எழுதியிருந்தால், உங்கள் ஊர்க் குளத்தின் பெயரையும் சர்வே எண்ணையும் போட்டு ஆட்சேபம் எழுதுங்கள்.

கூட்டத்தில் முன்வரிசையெல்லாம் கம்பெனி வேனில் வந்து இறங்கியவர்களாக இருக்கலாம். அதனால் தள்ளி நிற்காதீர்கள். பேசுவதோடு விடாமல், அதையே எழுதிக் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். நடப்பது முழுவதும் வீடியோ எடுக்கப்பட வேண்டும். முடிவில் நடவடிக்கைக் குறிப்பைத் தமிழில் வாசித்துக் காட்ட வேண்டும். நீங்கள் சொன்னது அதில் விடுபட்டிருந்தால் அந்த இடத்திலேயே எழுந்து சேர்க்கச் சொல்லுங்கள். நேரில் வர முடியாதவர்கள் தபாலில் வாரியத்துக்கு எழுதலாம்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். இது ஓட்டெடுப்பு இல்லை. ஊரே எதிர்த்தாலும் அனுமதி கொடுக்க அரசுக்குச் சட்டத்தில் வழி இருக்கிறது. ஆனால் பதிவான ஒவ்வொரு முக்கிய ஆட்சேபத்துக்கும் கம்பெனி தன் இறுதி அறிக்கையில் பதில் சொல்லியாக வேண்டும். அந்தப் பதில் பொய்யாக இருந்தால் வழக்குக்கு அதுவே ஆதாரம். கூட்டத்தைப் புறக்கணிப்பதால் லாபம் கம்பெனிக்குத்தான்: இத்தனை பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும் என்று விதி இல்லை, நாலு பேர் வந்தாலும் நடந்ததாகவே கணக்கு.

எல்லா ஆலைக்கும் இந்தக் கூட்டம் கிடையாது. அனுமதி பெற்ற தொழிற்பேட்டைக்குள் வருபவற்றுக்கு விலக்கு உண்டு. தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் விரிவாக்கத்துக்குக் கூட்டம் வேண்டும், வேண்டாம் என்று இழுபறி நடந்தது இதை வைத்துத்தான். துப்பாக்கிச் சூட்டுக்கு மறுநாள், 2018 மே 23 அன்று, உயர் நீதிமன்ற மதுரைக் கிளை விரிவாக்கப் பணியை நிறுத்தி வைத்து, கருத்துக் கேட்பு நடத்தச் சொன்னது. துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போன பிறகு வந்த உத்தரவு அது. கங்கைகொண்டான் சிப்காட் குளிர்பானக் கம்பெனிகளுக்குத் தாமிரபரணித் தண்ணீர் கொடுப்பதை எதிர்த்த வழக்கில், 2016 நவம்பரில் இடைக்காலத் தடை கிடைத்தது. 2017 மார்ச்சில் மனு தள்ளுபடியானது. கொடுத்து முடித்ததைக் கோர்ட்டில் திருப்புவது அவ்வளவு கஷ்டம்.

கூட்டத்தின் குறிப்பு கலெக்டர் ஆபீஸிலும் பஞ்சாயத்து ஆபீஸிலும் பார்வைக்கு வைக்கப்பட வேண்டும். வைக்கவில்லை என்றால் 10 ரூபாய்க் கட்டணத்தில் தகவல் உரிமை மனு போட்டு, குறிப்பையும் வீடியோவையும் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். அப்புறம், அனுமதி வந்துவிட்டால் சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும், சென்னையிலுள்ள தென்மண்டலப் பசுமைத் தீர்ப்பாயத்தில் 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். தகுந்த காரணம் காட்டினால் இன்னும் 60 நாள் வரை ஏற்பார்கள், அதற்கு மேல் ஒரு நாள்கூடக் கிடையாது. அனுமதி உத்தரவு மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் வரும். கூட்டம் முடிந்த வாரத்திலிருந்தே ஊரில் ஒருவர் அதைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.