பாண்: சொல்லும் பொருளும்

நொதித்த கோதுமை மாவைப் போறணையில் (அவனில்) வேகவைத்து எடுப்பதை இலங்கைத் தமிழில் பாண் என்போம். தமிழ்நாட்டில் இதையும் ரொட்டி என்பார்கள். கொழும்பின் வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ ரொட்டி கேட்டால், தேங்காய்ப்பூச் சேர்த்துத் தட்டிச் சுட்டதுதான் கிடைக்கும். அதில் ஈஸ்ட் இல்லை. ஈஸ்ட் போட்டுப் பொங்கவைத்தால்தான் பாண்.

சொல் போர்த்துக்கேயருடைய 'pão', அதன் வேர் 'பானிஸ்' என்ற இலத்தீன் சொல். 1505 இல் இலங்கைக்கு வந்தவர்கள் மூக்கால் ஒலித்த அந்த ஈற்றுக்குத் தமிழில் எழுத்தில்லை. ண் அந்த இடத்தைப் பிடித்தது. சிங்களத்திலும் பாண்தான். மும்பையின் பாவும் ஜப்பானியரின் பானும் இதே சொல்லின் உறவுகள். தமிழில் மட்டும் டண்ணகரம் போட்டே எழுத வேண்டும். 'பான்' என்றால் வெற்றிலைச் சுருள். பாணருடைய பழைய 'பாண்' பாட்டைக் குறிப்பது, இதனோடு தொடர்பில்லாதது.

போறணை, குசினி (சமையலறை), தாச்சி (வாணலி), விசுக்கோத்து எல்லாம் அதே வழியில் வந்தவை. பதிலுக்கு நம்முடைய 'கறி' அவர்கள் மொழியில் 'கரில்' ஆனது. சங்கப் பாட்டில் கறி என்றால் மிளகு.

தமிழில் என்ன சொல்லலாம்? விவிலியத் தமிழில் 'அப்பம்' என்றார்கள். கொழும்பில் அப்பம் என்றால் அப்பச்சட்டியில் வார்ப்பது. 'வெதுப்பி' நல்ல ஆக்கம். ஆனால் வெதுப்புதல் இளஞ்சூடு காட்டுவது, பாண் வேகவோ 220 பாகை செல்சியஸ் வேண்டும். வெதுப்பகம் (பேக்கரி) என்ற பெயர் பலகைகளில் ஏறிவிட்டது, அது நிலைக்கட்டும். உண்ணும் பொருளுக்குப் பாண் என்பதே பொருந்தும்.

வீட்டில் றோஸ் பாண் (தட்டையான, மொறுமொறுப்பான பாண்) போட 500 கிராம் கோதுமை மா, 5 கிராம் உடனடி ஈஸ்ட், 10 கிராம் சீனி, 9 கிராம் உப்பு, 15 கிராம் மாஜரின், 320 மில்லிலீற்றர் தண்ணீர். கொதிநீர் விட்டால் ஈஸ்ட் செத்துவிடும். பன்னிரண்டு நிமிடம் குழையுங்கள்; ஒரு துண்டை இழுத்தால் கிழியாமல் வெளிச்சம் தெரியுமளவு மெல்லியதாக விரிய வேண்டும். கொழும்பு வெக்கையில் முக்கால் மணித்தியாலத்திலேயே மா இரட்டித்துவிடும், மணிக்கூட்டை நம்பாதீர்கள். இரட்டித்ததும் தட்டில் தட்டையாகப் பரப்பி, அரை மணித்தியாலம் விட்டு, விரலால் அழுத்துங்கள்: குழி மெல்லப் பாதி நிரம்பினால் பதம். நிரம்பாமலே கிடந்தால் மிஞ்சிப் புளித்துவிட்டது, போறணையில் அமர்ந்துபோகும். பதம் கண்டதும் 220 பாகையில் 20 முதல் 25 நிமிடம். அடியைத் தட்டினால் வெற்றுப் பெட்டிபோல் ஒலிக்க வேண்டும். ஒன்றரை றாத்தலுக்குச் (றாத்தல் ஏறத்தாழ 454 கிராம்) சற்று மேல் வரும். சூட்டோடு வெட்டினால் உள்ளே பசைபோல் ஒட்டும், அரை மணித்தியாலம் பொறுங்கள்.

அதற்குள் பருப்புக் கறி. 200 கிராம் மைசூர்ப் பருப்பைக் கழுவி, அரை லீற்றர் கப்பிப்பாலில் (நீர்த்த தேங்காய்ப்பால்) மஞ்சள், பச்சை மிளகாய், உள்ளி (பூண்டு), ரம்பை இலையுடன் மூடாமல் அவியுங்கள். மூடினால் நுரை பொங்கி வழியும். பருப்பு மசிந்த பிறகு உப்பு. கடைசியில் 100 மில்லிலீற்றர் முதற்பால் (கெட்டித் தேங்காய்ப்பால்) விட்டுத் துழாவி, விளிம்பில் கொதி கண்டதும் இறக்குங்கள். மேலும் கொதித்தால் பால் திரைந்து எண்ணெய் மிதக்கும். கடுகு, செத்தல் மிளகாய், சின்ன வெங்காயம், கறிவேப்பிலை தாளித்துக் கொட்டுங்கள். பிய்த்த பாணைத் தோய்த்துத் தூக்கினால் குழம்பு சொட்டாமல் ஒட்டிக்கொண்டு வரவேண்டும். சொட்டினால் இன்னும் இரண்டு நிமிடம் இளந்தணலில் வையுங்கள்.