பழைய பாணி பேன்ட்டுக்கு ஆர்டர் போடும் முன் இஞ்ச் டேப்பை எடுங்கள்

"மாஸ்டர், இடுப்புல மட்டும் மூணு இஞ்ச் விட்டுக் குடுங்க, போதும்" என்று இந்த மாதமும் ஒரு தம்பி வந்து நின்றார். 1940-களின் பாணியில் தைத்த கம்பளி பேன்ட், வெளிநாட்டு பிராண்டு, துணியும் தையலும் குறை சொல்ல முடியாத தரம். கல்யாண ரிசப்ஷனுக்கு வாங்கியது. ஜீன்ஸில் 34 போடுகிறவர், இதிலும் 34 என்று கிளிக் செய்திருக்கிறார். பட்டன் காஜாவுக்குப் பக்கத்தில்கூட வரவில்லை. பின் தையலைப் பிரித்துப் பார்த்தேன், உள்ளே இருந்த மார்ஜினுக்கு ஒன்றரை இஞ்ச்சுக்கு மேல் விட வழியில்லை. மூன்று இஞ்ச்சுக்குத் துணி எங்கே போவது? திருப்பி அனுப்பலாம் என்றால் கூரியர் செலவு அவர் தலையில், கட்டிய சுங்கவரி திரும்ப வருவதும் லேசுப்பட்ட காரியம் இல்லை.

இதே பேன்ட், இதே 34, ஆள் மட்டும் வேறு வேறு. இதைப் பார்த்துப் பார்த்துப் பொறுக்க முடியாமல்தான் எழுதுகிறேன். பழைய கட்டிங் அழகானது, நம் பிள்ளைகள் அதை ஆசையாகத் தேடிப் போடுவது எனக்கு உண்மையிலேயே சந்தோஷம். அதனால்தான் காசைக் கொட்டிவிட்டு முகம் வாடி நிற்பதைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

உங்கள் ஜீன்ஸ் டேக்கில் இருக்கும் எண் உங்கள் இடுப்பளவு கிடையாது. நம்பாதவர்கள் வீட்டில் இருக்கும் ஜீன்ஸை எடுத்து, பட்டன் போட்டு, தரையில் விரித்து, பட்டியின் அகலத்தை அளந்து இரண்டால் பெருக்கிப் பாருங்கள். 34 என்று போட்டதில் 36 வரும், சிலதில் அதற்கு மேலும் வரும். அதன்மேல் ஸ்ட்ரெச் துணி என்றால் இன்னும் ஒரு இஞ்ச் தாராளமாகக் கொடுக்கும். அதோடு அந்த ஜீன்ஸ் நிற்பது இடுப்பில் இல்லை, இடுப்பெலும்புக்குப் பக்கத்தில், தொப்புளுக்கு நன்றாகக் கீழே. பழைய பேன்ட் நிற்பது தொப்புள் மட்டத்தில். வேட்டியை எங்கே கட்டுவீர்களோ, கிட்டத்தட்ட அங்கே. இப்போதைய பேன்ட்டில் கவட்டுத் தையலிலிருந்து பட்டி வரைக்கும் உள்ள உயரம் (ரைஸ் என்போம்) முன்பக்கம் 9, 10 இஞ்ச் இருக்கும் என்றால், பழைய கட்டிங்கில் 12, 13 இஞ்ச் வரும். உடம்பில் வேறு இடம், அதனால் வேறு சுற்றளவு. கொஞ்சம் வயிறு போட்டவர்களுக்கு அந்த இடத்தில் இரண்டு மூன்று இஞ்ச் கூடும். ஒல்லியான பையன்களுக்கு நேர்மாறாகக் குறையும், 32 ஜீன்ஸ் போடுகிறவருக்கு 30-ஏ போதுமானதாக இருக்கும். ஆகவே "ரெண்டு சைஸ் கூட்டிப் போட்டுட்டா சரியாப் போச்சு" என்ற யோசனையும் வேண்டாம். அளக்காமல் கூட்டுவதும் குருட்டு ஆர்டர்தான்.

சரி, பட்டன் எப்படியோ மாட்டிவிட்டது என்று வையுங்கள். அடுத்த தப்பு, பழக்கதோஷத்தில் அதைக் கீழே இறக்கிப் போடுவது. இறக்கினால் கவட்டுப் பகுதி தொங்கும், சீட்டில் பை விழும், முன் மடிப்பு (பிளீட்) வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். உடனே "ரைஸை மூணு இஞ்ச் வெட்டிடுங்க மாஸ்டர்". பட்டியைப் பிரித்து மேலே வெட்டினால் பாக்கெட் வாய், பிளீட் ஆழம், ஜிப், பின்னால் உடம்புக்கு ஒட்டப் பிடித்த மடிப்புத் தையல் (டார்ட்) எல்லாம் இடம் மாறும், மிஞ்சுவது அந்தப் பேன்ட்டே இல்லை. நான் செய்து தருவதில்லை. காசு வாங்கிக்கொண்டு செய்கிறவர்கள் இருக்கிறார்கள், தயவுசெய்து போகாதீர்கள். அதை அதன் இடத்தில் ஏற்றிப் போட்டு, முடிந்தால் சஸ்பெண்டர் (தோள்வார்) மாட்டி, ஒரு வாரம் நடந்து பாருங்கள். உள்பட்டியில் பட்டன் வைத்திருப்பதே அதற்காகத்தான். தோளிலிருந்து தொங்கும் பேன்ட்டுக்கு இடுப்பில் இறுக்கமே தேவையில்லை. சாப்பிட்டு உட்கார்ந்தாலும் வயிற்றை அறுக்காது.

அந்தக் காலத்து ஆண் உடுப்பு முழுக்க இந்தத் தொப்புள் மட்டத்தை வைத்துத்தான் வெட்டப்பட்டது. அமெரிக்க விமானப்படைக்காரர்கள் போட்ட ஏ-2 தோல் ஜாக்கெட் (1931-இல் வந்த மாடல்) இடுப்போடு நின்றுவிடும். அதன் நகலை வாங்கி லோ-ரைஸ் ஜீன்ஸோடு போட்டுவிட்டு "குட்டையா அனுப்பிட்டாங்க, நடுவுல சட்டை தெரியுது" என்கிறார்கள். ஜாக்கெட் சரியாகத்தான் இருக்கிறது, பேன்ட்தான் கீழே கிடக்கிறது. வெயிஸ்ட்கோட்டும் அப்படித்தான், டையும் அப்படித்தான். அன்றைய டை இப்போதையதைவிடச் சில இஞ்ச் குட்டை, நுனி தொட வேண்டிய பட்டி மேலே இருந்ததால்.

கோட்டில் அக்குள் பக்கம் பிடிக்கிறது என்று வருகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. பழைய கட்டிங்கில் கைக்குழி சின்னதாக, அக்குளுக்கு நெருக்கமாக இருக்கும். கையைத் தூக்கினால் கை மட்டும் தூக்கும், கோட்டு இருந்த இடத்தில் இருக்கும். "பெருசு பண்ணுங்க" என்று வெட்டிவிட்டால் அப்புறம் பஸ்ஸில் கம்பியைப் பிடிக்கும்போது மொத்தக் கோட்டும் காது வரைக்கும் ஏறும். ஷோல்டர் சரியில்லாத கோட்டை மட்டும் யோசிக்காமல் திருப்பி அனுப்புங்கள். கை நீளம் பார்க்கலாம், பக்கத் தையல் பிடிக்கலாம், ஷோல்டரைத் தொட்டால் கோட்டையே புதிதாகத் தைத்த மாதிரி வேலை.

ஜீன்ஸுக்கு வருவோம். ஒசாகாவில் 1979-இல் தொடங்கிய ஸ்டூடியோ டி ஆர்ட்டிசான், 90-களில் வந்த ஃபுல்கவுன்ட், வேர்ஹவுஸ் போன்ற ஜப்பான் பிராண்டுக்காரர்கள் பழைய அமெரிக்க ஜீன்ஸை நூல், ரிவெட் வரைக்கும் ஆராய்ந்து மறுபடி செய்தவர்கள். இந்த வகையில் சிலது சான்ஃபரைஸ் செய்யாத துணியில் வரும். 1930-இல் சான்ஃபோர்ட் க்ளூயட் காப்புரிமை வாங்கிய முறை அது, துணியை ஆலையிலேயே சுருக்கிவிடுவது. அது செய்யாத துணியை நீங்கள்தான் வீட்டில் சுருக்க வேண்டும். நீளத்தில் இரண்டு மூன்று இஞ்ச் போகும், இடுப்பும் பிடிக்கும். ஓரத்தில் சிவப்புக் கோடு இருக்கிறது, செல்வெட்ஜ் (தறியிலேயே முடிந்த விளிம்பு), அதனால் சுருங்காது என்று யாரோ கிளப்பிவிட்டிருக்கிறார்கள். அந்தக் கோடு தறியின் அடையாளம், சுருக்கத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. வாங்கிய அன்றே என்னிடம் கொண்டுவந்து அடி மடித்துத் தைக்கச் சொல்லாதீர்கள். முதலில் சுடுதண்ணீரில் ஊறவைத்துக் காயவையுங்கள். காய்ந்த பிறகும் இன்னொரு தடவை நனைத்துப் பாருங்கள், அப்புறம் வாருங்கள். தைத்த பிறகு துவைத்து, கணுக்காலுக்கு மேலே ஏறிய ஜீன்ஸை யாராலும் இறக்க முடியாது. ஜீன்ஸில் இடுப்பை விடுவது என்பதும் நடக்காத காரியம், உள்ளே மடித்து அடித்த தையலில் மார்ஜினே இருக்காது.

சாயம் விஷயத்தில் நம் ஊர்ச் சரக்கே பாடம் சொல்கிறது. 1958-இல் இங்கிருந்து நியூயார்க்கின் ப்ரூக்ஸ் பிரதர்ஸ் கடைக்குப் போன மதராஸ் செக் துணி, துவைக்கும் விதத்தைச் சொல்லாமல் விற்கப்பட்டு, வாங்கியவர்கள் வீட்டில் சாயம் விட்டுப் பெரிய ரகளையானது. பிறகு சாயம் விடுவதையே பெருமையாக விளம்பரம் செய்து விற்றார்கள். இன்று அந்தப் பாணியில் வரும் சட்டைகளில் பெரும்பாலானவை சாயம் விடாது, ஆனால் விடக்கூடியதும் வருகிறது. இண்டிகோ ஜீன்ஸ் கட்டாயம் விடும். தனியாகத் துவையுங்கள், வெள்ளை சோபாவில் உட்காராதீர்கள். பழைய ஹவாய் பாணிச் சட்டைகள் ரேயான், நனைந்தால் அந்த நூலின் வலு கிட்டத்தட்ட பாதியாகிவிடும். வாஷிங் மெஷினில் போட்டுத் தோள் தையல் கிழிந்து வந்தால் நான் என்ன செய்ய?

துணியின் எடையையும் பாருங்கள் ஐயா. டெனிமில் ஒரு அவுன்ஸ் (சதுர கஜத்துக்கு) என்பது சுமார் 34 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம்), 14 அவுன்ஸ் என்றால் 475-ஐத் தொடும். குளிர் நாட்டுக்காரர்கள் 18 அவுன்ஸ் ட்வீடை (கனத்த கம்பளித் துணி) புகழ்ந்து எழுதியதைப் படித்துவிட்டு சென்னையில் மே மாதக் கல்யாணத்துக்கு வாங்குகிறார்கள். லினன் இருக்கிறது, மெல்லிய காட்டன் இருக்கிறது, 8, 9 அவுன்ஸ் கம்பளி இருக்கிறது. அதே கட்டிங் இவற்றிலும் கிடைக்கும்.

அளப்பது எப்படி என்றால், போடப்போகும் சட்டையோடு தொப்புள் மட்டத்தில் டேப்பைச் சுற்றுங்கள். மூச்சை விட்டுவிட்டு அளங்கள், வயிற்றை எக்காதீர்கள், யாரையும் ஏமாற்றப் போவதில்லை. உட்கார்ந்தும் ஒரு தடவை அளங்கள். பிராண்டின் சைஸ் சார்ட்டில் இருப்பது உடம்பின் அளவா, உடுப்பின் அளவா என்று பாருங்கள். ஜப்பான்காரர்கள் சென்டிமீட்டரில் போடுவார்கள், சிலர் விரித்து வைத்த அகலத்தை மட்டும் போடுவார்கள், இரட்டிப்பாக்க வேண்டும். புரியவில்லையா, அவர்களுக்கே எழுதிக் கேளுங்கள். நல்ல கடைக்காரர்கள் டேப்பை வைத்து அளந்து படமே அனுப்புவார்கள்.

பார்சல் வந்ததும் வீட்டுக்குள்ளேயே போட்டுப் பார்த்து, சந்தேகம் இருந்தால் டேக்கை அறுக்காமல், துவைக்காமல், அயர்ன் போடாமல், ரிட்டர்ன் தேதி முடிவதற்குள் எந்த டெய்லரிடமாவது காட்டுங்கள். பார்த்துச் சொல்ல நான் காசு வாங்குவதில்லை.