அனிமல் மாடல்: விலங்கு மாதிரியா, ஒப்புரு விலங்கா?

“எலிக்காய்ச்சல் ஆய்வுக்கு விலங்கு மாதிரிகள் பயன்படுத்தப்பட்டன” என்று ஒரு வரி. படிப்பவர் என்ன நினைப்பார்? எலியின் ரத்தத்தையும் சிறுநீரையும் குப்பியில் அடைத்து ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள் என்றுதான். எழுதியவர் சொல்ல வந்தது வேறு. மனிதருக்கு வரும் நோயை ஒரு விலங்குக்கு வேண்டுமென்றே வரவழைத்து, அது உடலுக்குள் என்ன செய்கிறது, எந்த மருந்துக்கு அடங்குகிறது என்று பார்த்தார்கள். அனிமல் மாடல் என்பதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்ததால் வந்த குழப்பம் இது.

‘மாதிரி’ என்ற சொல்லின் தலையில் ஏற்கெனவே நிறையச் சுமை இருக்கிறது. ரத்த மாதிரி என்றால் எடுத்த கூறு. மாதிரிப் பள்ளி என்றால் மற்றவை பின்பற்ற வேண்டியது. மாதிரி வினாத்தாள் என்றால் ஒத்திகை. பேச்சில் அது வெறும் ‘போல’. “விலங்கு மாதிரி நடந்துக்காதே” என்று ஒருவரைத் திட்டும்போது யாரும் பாக்டீரியாவை நினைப்பதில்லை.

மாடல் என்ற சொல்லின் வேர் லத்தீனில் ‘மோடுஸ்’, அதாவது அளவு. அதன் சிறுமை வடிவம் ‘மோடுலுஸ்’. அது இத்தாலியத்தில் ‘மொடெல்லோ’ ஆகி, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. கட்டப்போகும் மாளிகையை மேசைமேல் சிறிதாகச் செய்து காட்டுவது அதன் பழைய பொருள். மருத்துவத்துக்கு வந்தபோது அளவு உதிர்ந்துவிட்டது, ஒப்புமை மட்டும் தங்கியது. சுண்டெலி மனிதனின் குட்டி வடிவம் அல்லவே.

கூடவே வரும் இன்னொரு சொல் ஸூனோசிஸ், விலங்கிலிருந்து மனிதருக்குத் தாவும் நோய். கிரேக்கத்தில் ‘ஸோஆன்’ விலங்கு, ‘நோசோஸ்’ நோய். இரண்டையும் ஒட்டியவர் 19ஆம் நூற்றாண்டின் ஜெர்மன் மருத்துவர் ருடால்ஃப் விர்ஹோ. ‘விலங்கு நோய்’ என்று பெயர்த்தால் மாட்டுக்கு வரும் எல்லா நோயும் அதில் அடங்கிவிடும், மனிதருக்குத் தாவுவது தெரியாது. ‘விலங்குவழி நோய்’ சரியாக உட்காருகிறது.

இந்த இரண்டு சொற்களும் ஒரே வரியில் வரும்போதுதான் சிக்கல் முற்றுகிறது, ஏனென்றால் விலங்குவழி நோயில் விலங்குக்கு இரண்டு வேடம். எலிக்காய்ச்சலையே எடுத்துக்கொள்வோம். லெப்டோஸ்பைரா பாக்டீரியா எலியின் சிறுநீரகக் குழல்களில் குடியிருக்கும். எலிக்கு ஒன்றும் ஆகாது. தின்றுகொண்டு, ஓடிக்கொண்டு, சிறுநீரோடு கிருமியைக் கொட்டிக்கொண்டே இருக்கும். அது கலந்த தண்ணீரில் கால்வைத்த மனிதருக்குத்தான் மஞ்சள் காமாலை, சிறுநீரகச் செயலிழப்பு, நுரையீரல் ரத்தக்கசிவு எல்லாம். ஆக, நோயைக் கொடுக்கும் எலியை வைத்து அந்நோயின் கடுமையைப் படிக்க முடியாது. ஹாம்ஸ்டர் என்ற எலி போன்ற சிறு விலங்குக்கு அந்தக் கிருமியை ஊசியால் செலுத்தினால் சில நாட்களில் மனிதரைப் போலவே நோய்ப்பட்டுச் சாகும். 1915இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் இனாடாவும் இடோவும் இந்தக் கிருமியைப் பிடித்தது நோயாளியின் ரத்தத்தைக் கினிப்பன்றிக்குச் செலுத்தித்தான். (கினிப்பன்றி பன்றியும் அல்ல, கினி நாட்டிலிருந்து வந்ததும் அல்ல. பெயர்களின் கதை அப்படித்தான்.) எலி ‘நோய்த்தேக்க விலங்கு’. ஹாம்ஸ்டரும் கினிப்பன்றியும் மாடல். இரண்டையும் பிரித்துக் காட்டாத சொல் இங்கே உதவாது.

‘அனிமல் மாடல்’ என்ற சொல்லுக்கு முந்தியது அந்தச் செயல். 1876இல் ஜெர்மன் மருத்துவர் ராபர்ட் கோஹ் அடைப்பான் நோயை (ஆந்த்ராக்ஸ்) ஆராய்ந்தபோது, நோயுற்ற கால்நடையின் ரத்தத்தை மரச்சிலாம்பில் தோய்த்துச் சுண்டெலியின் வாலடியில் செருகினார். அது செத்ததும் அதிலிருந்து அடுத்த எலிக்கு, அதிலிருந்து அடுத்ததற்கு. கடைசி எலியிலும் அதே கோல் வடிவக் கிருமி.

தமிழில் இதற்குப் பொருத்தமான எண்ணம் மருத்துவத்தில் இல்லை, இலக்கணத்தில் இருக்கிறது. மாடல் என்பது ஓர் உவமை. உவமை நான்கு வகையில் தோன்றும் என்கிறது தொல்காப்பியம்: வினை, பயன், மெய், உரு. புலி போலப் பாய்ந்தான் என்றால் வினை, மழை போன்ற கை என்றால் பயன், துடி போன்ற இடை என்றால் மெய், அதாவது வடிவு. உரு என்பது நிறம். ஒரு விலங்கு நல்ல மாடலா என்று ஆய்வாளர்கள் கேட்பதும் ஏறக்குறைய இதையே: நோய் உண்டாகும் வழி ஒத்திருக்கிறதா, மருந்தின் பலன் ஒத்திருக்கிறதா, அறிகுறிகளின் தோற்றம் ஒத்திருக்கிறதா?

வினை ஒவ்வாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு எடுத்துக்காட்டு லிஸ்டீரியா பாக்டீரியா. இந்தக் கிருமி மனிதக் குடல்சுவரில் ஈ-கெடெரின் என்ற புரதத்தைப் பற்றிக்கொண்டு உள்ளே நுழையும். சுண்டெலியிலும் அந்தப் புரதம் உண்டு. ஆனால் அதன் அமினோ அமிலத் தொடரில் 16ஆம் இடத்தில் மனிதரில் புரோலின் என்ற அமினோ அமிலம், சுண்டெலியில் குளுட்டாமிக் அமிலம். அந்த ஒன்று மாறியதால் கிருமிக்குப் பிடி கிடைக்காது. பிறகு மனிதப் புரதத்தைத் தாங்கிய சுண்டெலியை மரபணு மாற்றி உருவாக்கித்தான் அந்த வழியைப் படித்தார்கள். கினிப்பன்றிக்கோ இந்த இடத்தில் மனிதரைப் போலவே புரோலின்.

சால்மோனெல்லா டைஃபிமூரியம் என்ற பாக்டீரியா இன்னும் வேடிக்கை. பெயரிலேயே ‘எலிகளின் டைஃபாய்டு’ என்று இருக்கிறது. மனிதருக்கு அது பெரும்பாலும் வயிற்றுப்போக்கோடு போய்விடும். சுண்டெலிக்கு ரத்தத்தில் ஏறி, கல்லீரலுக்கும் மண்ணீரலுக்கும் பரவும். அதனால் மனிதரை மட்டுமே தாக்கும் வேறொரு சால்மோனெல்லா தரும் டைஃபாய்டுக்கு இது உவமை ஆகிவிட்டது. குடல் அழற்சியையே படிக்க வேண்டுமென்றால், முதலில் சுண்டெலிக்கு ஸ்ட்ரெப்டோமைசின் என்ற ஆன்டிபயாடிக் கொடுத்துக் குடலில் வழக்கமாக வாழும் பாக்டீரியாக்களைக் குறைக்க வேண்டும்.

பயனைப் பொறுத்தவரை, பிளேக்குக்கு மனிதரை வைத்துச் சோதனை செய்வது அறமும் அல்ல, நடக்கக்கூடியதும் அல்ல. அமெரிக்காவில் 2012இல் லீவோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக்குக்கு பிளேக் மருந்தாக ஒப்புதல் கிடைத்தது ஆப்பிரிக்கப் பச்சைக் குரங்குகளில் கண்ட பலனை வைத்துத்தான்.

ஆகவே என் தெரிவு ‘ஒப்புரு விலங்கு’. “எலிக்காய்ச்சலுக்கு ஹாம்ஸ்டர் ஒப்புரு விலங்கு” என்றால் ரத்தக்குப்பி நினைவுக்கு வராது. ‘சோதனை விலங்கு’ என்பது அகலமான சொல். எதிர்ப்பொருள் (ஆன்டிபாடி) எடுக்க வளர்க்கும் முயலும் அதில் அடங்கும், ஆனால் அது எந்த நோய்க்கும் ஒப்புரு அல்ல. பழ ஈ போன்றவற்றைக் குறிக்கும் ‘மாதிரி உயிரினம்’ ஊன்றிவிட்ட சொல், அதை அசைக்க வேண்டாம்.

உடல்மேல் ஓடு போர்த்திய அமெரிக்க விலங்கான ஒன்பது பட்டை ஆர்மடில்லோவுக்கு மட்டும் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருக்கிறது. உடல் வெப்பம் குறைவு என்பதால் தொழுநோய்க் கிருமி அதில் செழித்து வளரும். 1971இல் அது ஒப்புரு விலங்கானது. பின்னர் அமெரிக்காவின் தென்பகுதிக் காடுகளில் திரியும் ஆர்மடில்லோக்களிலும் அதே கிருமி இருப்பது தெரிந்தது. 2011இல் அங்குள்ள நோயாளிகள் சிலரிடமும் ஆர்மடில்லோக்களிடமும் ஒரே வகைக் கிருமி இருப்பதை மரபணு ஆய்வு காட்டியது. அதற்கு ஒப்புரு விலங்கு, நோய்த்தேக்க விலங்கு என்ற இரண்டு பெயரும் வேண்டும்.