ஆரஞ்சு உரித்த விரலில் 14.6

சீனப் புத்தாண்டு சமயம். பினாங்கு ஆயர் ஈத்தாம் வீட்டில், பக்கத்து வீட்டு ஆன்டி கொடுத்த மண்டரின் ஆரஞ்சுகளை அம்மா பேரப்பிள்ளைகளுக்கு உரித்துக் கொடுத்துக்கொண்டே இருந்தார், தான் ஒரு சுளைகூட வாயில் போடவில்லை. அப்புறம் வழக்கம்போல விரலைக் குத்தி, ரத்தச் சர்க்கரை மெஷினில் பார்த்தால் 14.6 (லிட்டருக்கு மில்லிமோல்)! இனிப்புநீர் (நீரிழிவு) மாத்திரை கேட்காமல் போய்விட்டதோ என்று பதறிவிட்டார். சோப்புப் போட்டுக் கை கழுவி, ஈரம் போகத் துடைத்து, வேறு விரலில் குத்தச் சொன்னேன். 7.4.

மெஷின் பொய் சொல்லவில்லை. வேலை நடப்பதே அதில் செருகும் சின்ன ஸ்ட்ரிப்பில்தான். அதன் நுனி ஏறக்குறைய அரை மைக்ரோலிட்டர் ரத்தத்தை உறிஞ்சிக்கொள்கிறது, உள்ளே காய்ந்துபோய் ஒட்டியிருக்கும் நொதி (பல ஸ்ட்ரிப்புகளில் குளுக்கோஸ் ஆக்சிடேஸ்) குளுக்கோஸிடமிருந்து எலக்ட்ரான்களைப் பிடுங்குகிறது, கூடவே இருக்கும் இன்னொரு வேதிப்பொருள் அவற்றைச் சுமந்துபோய் மின்முனையில் இறக்கிவிடுகிறது. அங்கே ஓடும் துளி மின்சாரத்தை அளந்து எண்ணாக மாற்றிக் காட்டுவது மட்டும்தான் மெஷினின் வேலை. நொதியை மின்முனையோடு சேர்க்கும் யோசனை 1962லேயே அமெரிக்க விஞ்ஞானி லேலண்ட் கிளார்க் சொன்னது.

இப்போது கணக்கைப் பாருங்கள். 7 என்று காட்டும் அரை மைக்ரோலிட்டர் ரத்தத்தில் இருக்கும் குளுக்கோஸ் ஒரு மைக்ரோகிராம்கூட இல்லை. அதே அளவு ஆரஞ்சுச் சாற்றில் அதைப்போலப் பல மடங்கு இருக்கிறது. கண்ணுக்கே தெரியாத பிசுக்கு போதும், எண் இரட்டிப்பாகிவிடும், ஏனென்றால் ரத்தத்துக் குளுக்கோஸ் எது, பழத்துக் குளுக்கோஸ் எது என்று நொதிக்குத் தெரியாது. ஆல்கஹால் பஞ்சால் துடைத்தாலும் பழப்பிசுக்கு சரியாகப் போகாது, குழாய்த் தண்ணீர்தான் சரி. கழுவ வழியில்லையா, முதல் சொட்டைத் துடைத்துவிட்டு இரண்டாவதை வையுங்கள். கை ஈரமாக இருந்தால் ரத்தம் நீர்த்து, எண் குறைவாகக் காட்டலாம், அது இன்னும் ஆபத்து.

பினாங்குப் புழுக்கமும் ஸ்ட்ரிப்புக்கு ஆகாது. அந்த டப்பாவிலேயே ஈரம் உறிஞ்சும் பொருள் இருக்கிறது, ஒன்றை எடுத்ததும் உடனே மூடிவிட வேண்டும். வெயிலில் நிற்கும் காரில் வைப்பதெல்லாம் வேண்டவே வேண்டாம்.

அடுத்தடுத்துக் குத்தினால் 8.1, 8.8 என்று வருவதற்கும் பயப்பட வேண்டாம். வீட்டு மெஷின்களுக்கான ஐஎஸ்ஓ (சர்வதேசத் தர அமைப்பு) தரமே 5.6க்கு மேல் 15 சதவீதம் வரை முன்பின் போக இடம் கொடுக்கிறது. ரத்தசோகை இருப்பவர்களுக்கு எண் சற்றுக் கூடுதலாகவும் வரலாம், அதை டாக்டரிடம் சொல்லி வையுங்கள்.

அலகு வேறு குழப்பும். திருச்சியிலிருக்கும் அத்தை ஒருமுறை போனில் "இன்னைக்கு எனக்கு 140" என்றதும் அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அங்கே டெசிலிட்டருக்கு மில்லிகிராம், இங்கே லிட்டருக்கு மில்லிமோல். 18ஆல் வகுத்துக் காட்டினேன்: 7.8. "அட, என்னைவிட நல்லாத்தான் இருக்காங்க" என்று போனை வைத்தார்.